பூஜைக்கு வைத்த மிஷின்

அத்தியாயம் 11

கிழக்கேக்கோட்டையிலிருந்து கரமனை வரை ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸை விட்டு இறங்கிய சரோஜமும் அவள் மதினி சுடலைமாடத்தியும், வீட்டுக்குள் நுழைந்த பிறகு ஈடுகட்டிப் பேசினார்கள். ஒரு வாரமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் பத்திரிகையில் போடக்கூடியது கொஞ்சம்தான்.

சண்டை ஒரு தையல் மிஷினைப் பற்றியது. சரியாகச் சொன்னால் இரண்டு மிஷின்.

ஒன்று சரோஜத்தின் கறுப்புக் கால்மிஷின். கலியாணத்துக்குச் சீராக வந்தது. புருஷன் வீரபாண்டி இன்னொருத்தியைக் கூட்டிவந்து அதே வீட்டில் வைத்த அன்று, சரோஜம் பாத்திரம் பண்டம் எதையும் தொடவில்லை. மிஷினை மட்டும் ஆட்டோவில் கட்டி ஏற்றி, அண்ணன் ஆறுமுகசாமியின் கரமனை வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

வந்தவள் சும்மா இருக்கவில்லை. அண்ணன் சாலைக் கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவர். அங்கே மிஞ்சும் துண்டுகளைக் கட்டம் கட்டமாக ஒட்டி, நடுவில் பஞ்சு பரத்தி, அடியில் லைனிங் கொடுத்துப் போர்வை தைத்தாள். கோவளத்தில் கடை வைத்திருக்கும் அம்மிணி அதை வாங்கி வெள்ளைக்காரர்களுக்கு விற்றாள். வெள்ளைக்காரர்கள் அதற்குக் குயில்ட் என்று பெயர் சொன்னார்கள். கரமனை வீட்டில் அது பஞ்சுப்போர்வைதான்.

இரண்டாவது மிஷின் கிழக்கேக்கோட்டைக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. கரண்டில் ஓடுவது. பழைய மிஷினைக் கொடுத்தால் புதுசைத் தருவார்கள், விஜயதசமி வரைக்கும்தான். மாடத்திக்கு அது வேண்டும். சரோஜத்துக்கு வேண்டாம்.

துர்காஷ்டமி காலையில், தோசை ஊற்றிக்கொண்டே மாடத்தி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“சாயங்காலம் வண்டி வருது.”

“எந்த வண்டி?” என்றாள் சரோஜம்.

“மிஷின் வண்டிதான். நம்ம ஜங்ஷன்ல இருக்கானே, அந்தக் கடைக்கு வண்டி ஓட்டுத பையன், அவன்கிட்ட சொல்லியாச்சு. புதுச இறக்கிட்டு ஒன் ஓட்டை வண்டிய ஏத்திட்டுப் போவான். அந்திக்குப் பூசை வெப்பு. புது மிஷின சரஸ்வதி முன்னால வெச்சு, விசயதசமிக்குப் பூசை எடுத்து, முதல் தையல் நான் போடுதேன்.”

இந்த மலையாளத்து ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. துர்காஷ்டமி சாயங்காலம் புத்தகம், தொழில் சாமான் எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை அதை ஒருவரும் தொடக் கூடாது. எடுத்ததும் எவர் முதலில் எழுதுகிறாரோ, வெட்டுகிறாரோ, தைக்கிறாரோ, அந்தத் தொழில் வருஷம் பூராவும் அவர் கையில் நிற்கும் என்பது நம்பிக்கை. மாடத்தி கேட்டது மிஷினை மட்டுமல்ல என்று சரோஜத்துக்கு உடனே விளங்கிவிட்டது.

“யாரு மிஷின யாரு ஏத்தி விடுதது? எங்க அம்மையும் அப்பனும் எனக்குக் குடுத்தது.”

“குடுத்தது ஒனக்குத்தான். அது கெடக்குத எடம் யாருக்கு?”

“அண்ணே, கேட்டியா? ஒரு வார்த்தை சொல்லேன்!”

ஆறுமுகசாமி ஒரு வார்த்தை சொன்னார். “சட்னி,” என்றார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. கடையில் யாராவது தையலைப் பற்றிப் பேச்செடுத்தால், “என் தங்கச்சி கையில ஊசி ஒடியாது வே,” என்று பெருமையடிக்கிறவர்தான். வீட்டில் பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் அடி விழும் என்று கண்டுகொண்டவர். சாமி விஷயத்தில் மட்டும் அவர் வேறு ஆள். போன வருஷம் நவமியன்று மாடத்தி மறதியாகக் கத்தரியை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டாள். மனுஷர் விஜயதசமி முடியும்வரை வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, பெண்டாட்டி முகத்தையும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் மாடத்தி பயப்படுகிற ஒரே விஷயம் அதுதான்.

“ஓணத்துக்கு முன்னால அம்மிணி ஒரு போர்வையத் திருப்பி அனுப்பினாளே, ஞாபகம் இருக்கா?” என்று மாடத்தி விடாமல் தொடர்ந்தாள். “அடித்துணி பூராவும் சுருக்கம். கெழவி மூஞ்சி கெட்டுது போ.”

“நான் தைக்கும்போது நீங்க ஒழுங்காத் தூக்கிப் பிடிக்காம தொங்க விட்டீக. கனம் இழுத்து லைனிங் சுருண்டுது. மிஷின் என்ன செய்யும்?”

மாடத்தி தோசைத் திருப்பியைச் சட்டியில் ஓங்கி வைத்தாள்.

ஆறுமுகசாமி கடைக்குப் புறப்பட்டுப் போனார். கடையிலும் சாயங்காலம் பூஜை வைப்பு, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு, கிடைத்த வழியில் தப்பித்தார்.

சரோஜம் மிஷினில் போய் உட்கார்ந்தாள். கோவளத்தில் ஒரு புது கெஸ்ட் ஹவுஸுக்கு அம்மிணி கேட்டிருந்தது எட்டுப் போர்வை. ஏழு முடிந்து மடித்துக் கட்டியிருந்தது. எட்டாவதில் ஒரு ஓரம்தான் பாக்கி.

அந்த ஓரமும் லேசில் வரவில்லை. மேல் துணி, பஞ்சு, அடித் துணி மூன்றும் சேர்ந்து ஊசிக்கடியில் போனால், மேலே இருப்பது ஒரு பக்கம் ஓடுகிறது, கீழே இருப்பது நின்ற இடத்தில் நிற்கிறது. இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டி மிஷினின் கைக்கு அடியில் திணித்தால் பாயைச் சுருட்டிக் குடத்துக்குள் நுழைக்கிற கதை. துண்டுகள் சேரும் கனத்த மூட்டு வரும்போதெல்லாம் மிதியை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் பைய உருட்டி ஊசியை இறக்க வேண்டும். அப்படிச் செய்வதால்தான் அவள் கையில் ஊசி ஒடிவதில்லை.

அவளுக்கு எல்லாம் தெரியும். கிழக்கேக்கோட்டைக் கடையில் அந்தப் புது மிஷினில் ஒரு துண்டு தைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மூன்று அடுக்கையும் வைத்துக் காலை லேசாகத்தான் அழுத்தினாள். மேலும் கீழும் ஒன்றாக நகர்ந்தன. கோடு போட்டது போலத் தையல் விழுந்தது. அய்யோ, என்ன சுகமாக இருந்தது! எழுந்திருக்கவே மனசில்லை.

அப்போது மாடத்தி பின்னால் நின்று சொன்னாள். “இதுல யாரு வேணும்னாலும் தைக்கலாம் போல இருக்கே.”

அந்த ஒரு சொல்லில் சரோஜத்துக்குச் சுகம் எல்லாம் வற்றிப்போனது. கால்மிஷினில் அவள் ஒருத்திக்குத்தான் தைக்கத் தெரியும். வேறு யாரையும் அந்த ஸ்டூலில் அவள் உட்கார விட்டதும் இல்லை. போர்வை தைக்கிறவள் என்கிற வரைக்கும் இந்த வீட்டில் அவளுக்கு ஒரு இடம் உண்டு. நாளைக்கு மாடத்தி பட்டனை அழுத்தித் தைத்துக்கொண்டால் சரோஜம் யார்? புருஷனை விட்டு வந்து அண்ணன் சோற்றில் உட்கார்ந்திருக்கிறவள். அவ்வளவுதான்.

உச்சிக்கு மாடத்தி பூஜைக்கு அவலும் பழமும் பூவும் வாங்க சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். வாசல் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் சரோஜம் எழுந்தாள். ஒரு வாரமாக யோசித்தும் வராத புத்தி அப்போது வந்தது.

தலைக்குக் குளித்தாள். மிஷினை இரண்டு கையாலும் இழுத்து, தரையில் கோடு விழ, சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சந்தனம் அரைத்துச் சக்கரத்திலும் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். மிஷினுக்கு ஏது நெற்றி என்று கேட்கக் கூடாது. பொட்டு வைத்த இடம் நெற்றி. கத்தரி, ஊசி டப்பா, டேப், சாக்குக்கட்டி எல்லாவற்றையும் தாம்பாளத்தில் அடுக்கினாள். கடைசியாகப் பெட்டியைத் திறந்து தன் கலியாணப் பட்டை எடுத்து மிஷின் மேல் போர்த்தி, விளக்கு ஏற்றிக் கும்பிட்டாள்.

பக்கத்து வீட்டு ஞானபாய் மதில் மேல் கையூன்றி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது தூங்கினாலும் தூங்குவாள், இந்த வீட்டுச் சண்டையில் ஒரு வரி விடமாட்டாள்.

“என்னட்டி சரோசம், மிஷினுக்குக் கலியாணமா?”

“சாமிக்குக் குடுத்திட்டேன் அக்கா. இனி ஒரு பய தொட முடியாது.”

“அந்திக்கில்லா வெப்பாவ?”

“அஷ்டமி வந்தாச்சில்லா? சாமி கடிகாரமா பாக்கப் போகுது?”

ஊசிக்கடியில் எட்டாவது போர்வை அப்படியே இருந்தது. கழற்றியிருக்கலாம். கழற்றினால் அடுக்கு நழுவும். விஜயதசமி காலையில் அரை மணி வேலை, அம்மிணி அன்றைக்குச் சாயங்காலம்தான் வருவாள் என்று கணக்குப் போட்டு அப்படியே விட்டாள். அதையும் ஒரு கெட்டிக்காரத்தனமாகத்தான் நினைத்தாள்.

துலா மாதத்து இடி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் வண்டியும் வந்தது, மாடத்தியும் வந்து இறங்கினாள்.

“பழய மிஷின் எவிடே சேச்சீ?” என்று வண்டிக்காரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

“இந்தா, உள்ளதான்…” என்று காட்டிய மாடத்தியின் கை அந்தரத்தில் நின்றது.

பட்டும் பூவும் சந்தனமுமாக மிஷின் விளக்குக்கு முன்னால் நின்றது. பக்கத்தில் சரோஜம் ஈரத் தலையும் திருநீறுமாகக் கைகட்டி நின்றாள்.

“ஏட்டி! என்ன வேலை செஞ்சிருக்க?”

“பூசை வெச்சிருக்கேன்.”

“யாரைக் கேட்டு வெச்ச? இந்த வீட்டுல பூசை வெக்கிறது நானா நீயா? எடுட்டி அதை!”

“நீங்க எடுங்க, மயினி. நான் தடுக்கல. அண்ணன் வந்து கேட்டா, எடுத்தது எம் பொண்டாட்டிதான்னு தெரிஞ்சுக்கிடட்டும்.”

மாடத்தி இரண்டு அடி முன்னால் வந்தாள். கையை நீட்டினாள். பால் பாக்கெட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நீட்டிய கையை இழுத்து, வண்டிக்காரன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, நீ தூக்கு. ஒனக்கு என்ன?”

“எனிக்கு எந்தாணென்னா? அய்யோ சேச்சீ, பூஜ வெச்ச சாதனம் ஞான் தொடத்தில்லா. எனிக்கும் ரெண்டு மக்களுள்ளதாணு.” அவன் வாசல் வரைக்கும் பின்னால் நகர்ந்தே போனான். “விஜயதசமி உச்சைக்கு முன்னே விளிச்சா வராம். அது கழிஞ்ஞா பழயது எடுக்கில்லா, கேட்டோ.” விஜயதசமி மத்தியானத்துக்குள் கூப்பிட்டால் வருவான், அதற்குப் பிறகு பழையது எடுபடாது.

வண்டியின் பின் கதவு திறந்திருந்தது. பிளாஸ்டிக் தாளுக்கடியில் புது மிஷினின் வெள்ளை மூலை ஒன்று தெரிந்தது. சரோஜம் கழுத்தை நீட்டி அதைப் பார்த்தாள். வேண்டாமென்று விரட்டுகிற சாமானைப் பார்த்து ஏன் ஆசை வருகிறது என்று தன் மேலேயே கோபம் வந்தது. வண்டி மழையில் திரும்பிப் போனது.

“சவத்து மூதி,” என்றாள் மாடத்தி. “கட்டினவன விட்டுட்டு வந்து எங்க குடியையும் கெடுக்கியே. சாமியத் தூக்கிச் சண்டைக்கு ஆள் புடிக்கியே, நீ வெளங்குவியா?”

“நான் வெளங்கல, சரி. நீங்க எங்கிட்டக் கேக்காம எம் மிஷின வண்டி ஏத்தப் பாத்தீகளே, அது வெளங்குத வேலையா?”

மதில் மேல் ஞானபாயின் தலை தெரிந்தது. இந்தத் தடவை வேடிக்கைக்கு வரவில்லை.

“சரோசம்! கோவளத்திலிருந்து போன். ஓடி வா!”

போய்விட்டு வந்தபோது சரோஜத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. கெஸ்ட் ஹவுஸுக்கு வருகிறவர்கள் முந்தியே வருகிறார்களாம். அம்மிணி நாளைக் காலையிலேயே வண்டி கொண்டு வருகிறாளாம். “எட்டும் ஒண்ணிச்சு வேணும் சரோஜம். ஏழு மாத்திரம் எனிக்கு எந்தினா? இல்லெங்கில் விழிஞ்ஞத்துக்காரிகளிடம் வாங்கிக்கொள்ளாம்,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். விழிஞ்ஞத்திலும் போர்வை தைக்கிறவர்கள் உண்டு.

மாடத்தி அதைக் காதில் வாங்கினாள். பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“எட்டாவது எங்கட்டி இருக்கு? ஊசிக்கடியிலயா? கத்தரியும் பூசையில, ஊசியும் பூசையில! தான் வெட்டின குழியில தானே விழுந்தவள இன்னைக்குத்தான் பாக்குதேன்.” பூவை மடியில் கொட்டிக்கொண்டு விளக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “இங்கனதான் இருப்பேன். தொடு, பாப்போம்.”

“ஆர்டர் போச்சுன்னா ரெண்டு பேருக்கும்தான் போச்சு.”

“எனக்கு என்னட்டி போச்சு? எம் பேரு எவளுக்குத் தெரியும்?”

மழை வலுத்தது. சரோஜம் சுவரில் சாய்ந்து நின்றாள். மாடத்தி பூத் தொடுத்தாள். ஒருத்தி தொட்டால் மற்றவள் ஆறுமுகசாமியிடம் காட்டிக்கொடுப்பாள், அவ்வளவும் நிச்சயம். சாமி படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

விளக்கில் எண்ணெய் குறையத் தொடங்கிய நேரத்தில் மாடத்திதான் முதலில் அசைந்தாள். சிரித்து முடித்த பிறகு கணக்கு அவளுக்கும் எட்டியிருந்தது. அம்மிணி விழிஞ்ஞம் பக்கம் போய்விட்டால் கரமனை வீட்டில் போர்வை கிடையாது. போர்வை கிடையாது என்றால் புது மிஷின் எதற்கு?

“கேடுகெட்டவ, ஒன்னால பாவமும் எந்தலையில,” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பட்டை உருவி எறிந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த ஸ்டூலில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை.

“மயினி, வேண்டாம்! ஒங்களுக்குத் தெரியாது!”

“ஒரு ஓரந்தான? நாலு வருசமாப் பாக்கேன். எனக்கா தெரியாது?”

மிதியை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள். கால்மிஷின் புதுக் காலைக் கண்டுகொள்ளும். சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. அடியில் நூல் கூடு கட்டிக்கொண்டது. மாடத்தி விடவில்லை. போர்வையைப் பிடித்து இழுத்து இன்னொரு மிதி மிதித்தாள். சக்கரம் திடீரென்று முன்னால் ஓட, கனத்த மூட்டில் ஊசி டக்கென்று ஒடிந்து எங்கேயோ தெறித்தது.

இப்போது சரோஜம் சிரித்தாள்.

“சிரிட்டி, நல்லா சிரி,” என்றாள் மாடத்தி. முகமெல்லாம் வேர்த்திருந்தது. “பூசை கலைஞ்சாச்சு. கலைச்சது நான். இனி இது வெறும் இரும்பு. வந்து உக்காந்து தை.”

சரோஜம் உட்கார்ந்தாள். டப்பாவிலிருந்து புது ஊசியை எடுத்து மாட்டினாள். அடியில் இருந்த நூல் கூட்டைப் பிய்த்து எறிந்தாள். போர்வையின் சுருட்டு மொத்தமும் இடது பக்கம் தொங்கியது.

“தூக்கிப் பிடிங்க,” என்றாள், எப்போதும் சொல்வது போல.

மாடத்தி பிடிக்கவில்லை.

“இதத்தான நாலு வருசமாச் சொல்லுத. தூக்கிப் பிடிங்க, தொங்க விடாதீங்க, இழுக்காதீங்க. வலது தோளு ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க விடமாட்டேங்கு, தெரியுமா ஒனக்கு? போர்வை நல்லா வந்தா அம்மிணி ‘சரோஜத்தோட போர்வை’ம்பா. சுருங்கினா மட்டும் மாடத்தி தொங்க விட்டா!”

“இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேனே. ‘வயசானா அப்படித்தான் மயினி’ன்ன. மறந்திட்டியா?”

சரோஜம் மறக்கவில்லை. சொல்லும்போது மிஷினிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை என்பதும் ஞாபகம் வந்தது.

“அந்தப் புது மிஷினுக்குப் பக்கத்துப் பலகை எவ்வளவு அகலமா விரியுது, பாத்தியா? போர்வை அதுமேல கெடக்கும். தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டாம். அதுக்குத்தான் மொதல்ல கேட்டேன். ஒன் ஸ்டூலுக்கு இல்ல. பொறவு நீ பேசின பேச்சுல, ஒன் ஸ்டூலும் எனக்கு வேணும்னு ஆயிப் போச்சு.”

சரோஜத்துக்கு மனசு சுருக்கென்றது. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தை இவளிடம் காட்டுவதைவிட விழிஞ்ஞத்துக்காரிகளுக்கே ஆர்டரைக் கொடுத்துவிடலாம் என்றும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

“இன்னைக்கு ஒரு நாள் பிடிங்க.”

மாடத்தி பிடித்தாள். இடது தோளுக்கு மாற்றிப் பிடித்தாள். சரோஜம் மிதித்தாள். மேல் துணி வழக்கம்போல் ஒரு பக்கம் ஓடியது. இழுத்து வைத்தாள், ஓடியது. மறுபடி இழுத்தாள். ஒரு சாண் தைப்பதற்குள் கழுத்து வேர்த்தது. ஒருத்தி மூச்சு ஒருத்தி மேல் படுகிற தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் ஓரத்தைக் கொண்டு முடித்தார்கள்.

கத்தரியை எடுக்க சரோஜம் தாம்பாளத்தைத் துழாவுவதற்குள் மாடத்தி குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“இந்த மிஷின் இதுக்கு ஆகாது,” என்றாள் சரோஜம். சொன்ன பிறகுதான் சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. “வண்டிக்காரன வரச் சொல்லுங்க. எடுத்துட்டுப் போகட்டும்.”

“இந்தப் புத்தி காலையில எங்க போச்சு? சரி. முதல் தையல் நான்தான்.”

“அது மட்டும் நடக்காது.”

“நடக்கும்.”

வாசலில் குடை மடக்குகிற சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். போர்வை அலமாரிக்குப் பின்னால் போனது. பட்டு மிஷின் மேல் ஏறியது. மாடத்தி அழிந்துபோன சந்தனப் பொட்டின் மேல் தன் நெற்றிக் குங்குமத்தை எடுத்து அப்பினாள். ஆறுமுகசாமி கையில் கடைப் பூஜை அவல் பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது, விளக்கின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் கைகூப்பி நின்றார்கள்.

ஒரு மனுஷருக்குச் சந்தேகம் வர அதுவே போதும். அவர் மிஷினைப் பார்த்தார். சக்கரத்தில் தேய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

“பூசை வெச்சத யாரு தொட்டது?”

காலையில் சட்னி கேட்ட குரல் இல்லை அது. மாடத்தி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். சரோஜம் அதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“செத்தப் பொறு அண்ணே,” என்று இனிப்பாகச் சொன்னாள். “மயினி, ஒண்ணு கேக்க மறந்திட்டேன். விசயதசமிக்குப் புது மிஷின்ல முதல் தையல் யாரு போடுதா?”

மாடத்தி பார்த்த பார்வையில் சுவர்ச் சுண்ணாம்பு உரிந்திருக்கும்.

“நீ.”

“அண்ணனுக்குக் கேக்கல.”

“சரோசம்தான் போடுவா!”

“பூனை அண்ணே,” என்றாள் சரோஜம். “மழைக்கு உள்ள வந்து மிஷின் மேல ஏறிடுச்சு. நாங்கதான் வெரட்டினோம்.”

ஆறுமுகசாமி தலையை ஆட்டினார். அவலைப் படத்துக்கு முன்னால் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விளக்கடியில் எதையோ விரல் நுனியால் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாதி ஊசி.

“சரோசம் கையில ஊசி ஒடியாது,” என்றார் மெதுவாக. பெண்டாட்டி பக்கம் திரும்பினார். “பூனைக்குத் தைக்கத் தெரியுமா, மாடத்தி?”

மாடத்தி நாத்தனாரைப் பார்த்தாள். உதட்டில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை எடுத்துக் கீழே போட்டாள்.

“பூனையும் இல்ல, எலியும் இல்ல. நாந்தான் பூசையக் கலைச்சேன். நாந்தான் ஊசிய ஒடிச்சேன். சொல்லியாச்சு. இனி இவ என்ன மெரட்ட முடியாது. கேட்டியாட்டி? முதல் தையல் நான்தான்!”

இப்படி ஒரு பதிலைச் சரோஜம் எதிர்பார்க்கவில்லை.

ஆறுமுகசாமி கத்தவில்லை. பாதி ஊசியைத் தாம்பாளத்தில் வைத்தார். அவலைத் தூக்கிக்கொண்டார். மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குடையை மறுபடியும் எடுத்தார்.

“எங்க போறீக?” என்றாள் மாடத்தி.

“ஜங்ஷனுக்கு. வண்டிக்காரன் வீட்டுல இருப்பான். பூசை கலைஞ்ச வீட்டுக்குப் புது மிஷின் வேண்டாம்னு சொல்லிட்டு வாரேன்.”

குடை மழைக்குள் விரிந்து படி இறங்கியது.

“அண்ணே!” என்று ஒருத்தியும், “இங்கேருங்க!” என்று ஒருத்தியும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினார்கள். அந்தக் குறுகின வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து போக வழியில்லை. ஒருத்திக்கு ஒருத்தி விட்டுக்கொடுக்கவும் இல்லை.